இல்லை என்பதை எழுதித் தாருங்கள், டாக்டர் ஐயா

பெறுநர்: மதுரையில் தனியார் மருத்துவமனை நடத்திவரும் மருத்துவர் ஐயா அவர்கள்.

பொருள்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வந்த நோயாளியை வாய்ச்சொல்லாகவே திருப்பி அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா,

உங்கள் பெயரையும் உங்கள் மருத்துவமனையின் பெயரையும் இந்த மடலில் நான் எழுதவில்லை. பயந்துவிட்டான் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் போட்டுவிட்டால் மற்ற ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லோரும் "அது அவர் விவகாரம்" என்று நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

நான் திருமங்கலம் தாலுகா அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். கடையில் ஒரு மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று வருவார்கள். பதினைந்து வருஷத்துக்கும் மேலாகக் காப்பீட்டு அட்டைக்கும் வருகிறார்கள். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தபோதும் எழுதினேன். 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியபோதும் எழுதினேன். 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு சேர்ந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்று ஆனபோதும் எழுதினேன். ஆட்சி மாறும்போது அட்டையில் உள்ள படம் மாறும். என் மேசைக்கு வருகிற முகங்கள் மாறுவதில்லை.

அந்த அட்டை எப்படிக் கிடைக்கிறது என்பது உங்கள் வரவேற்பு மேசைக்குத் தெரிய நியாயமில்லை, அதனால் சொல்கிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 2022 வரை அது 72,000தான்; மாதம் ஆறாயிரத்துக்கு மேல் சம்பாதித்துவிட்டால் நோய் வந்தாலும் நீ பணக்காரன் என்று கணக்கு. அதை நிரூபிக்கக் கிராம நிர்வாக அலுவலர், ஆர்.ஐ., தாசில்தார் என்று நடந்து வருமானச் சான்று வாங்க வேண்டும். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கலெக்டர் ஆபீஸுக்குப் போய்ப் படம் எடுத்து, விரல் ரேகை வைக்க வேண்டும். சிமெண்டில் கை தேய்ந்தவர்களுக்கு ரேகை விழாது. மறுபடியும் வரச் சொல்வார்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடியும் போவார்கள். இத்தனைக்கும் பிறகு கைக்கு வரும் அட்டையைப் பீரோவில் தங்கத்தோடு வைக்கிறார்கள், தங்கம் இருக்கிறவர்கள். மற்றவர்கள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிறார்கள்.

என் மச்சான் அப்படித்தான் வைத்திருந்தார். கொத்தனார். வேலை நடக்கிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் உடனே ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தால் நேரே மதுரை அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போயிருப்போம். அக்காதான், "அந்தத் தனியார் ஆஸ்பத்திரி வாசல்ல நம்ம கார்டு போர்டு இருக்குடா, அங்க போயிருவோம்" என்றாள். அவள் சொன்ன போர்டு உங்களுடையது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் சிகிச்சை அளிக்கப்படும் என்று பச்சையும் வெள்ளையுமாக, ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்தே படிக்கிற அளவில் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் அவசரப் பிரிவில் நன்றாகத்தான் பார்த்தார்கள். அதை மறைக்க மாட்டேன். டியூட்டி டாக்டர் சின்னப் பிள்ளை, பொறுமையாக விளக்கினார்: அடைப்பு இருக்கும்போல் தெரிகிறது, ஆஞ்சியோ பார்த்துவிட வேண்டும். நான் அட்டையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

"அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க சார்."

"கார்டு இருக்கும்மா."

"அது எலும்புக்கு மட்டும்தான் சார். ஹார்ட்டுக்கு எடுக்கிறதில்ல."

எலும்புக்கு மட்டும் என்று போர்டில் இல்லை. ஒரு மருத்துவமனைக்கு எல்லாத் துறைக்கும் சேர்த்து அங்கீகாரம் கிடைப்பதில்லை, துறை துறையாகத்தான் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும், மனு எழுதுகிறவன் என்பதால். அக்காவுக்கு எப்படித் தெரியும்? சரி, கேட்டுவிடுவோம் என்று 1800 425 3993-க்கு அடித்தேன். எடுத்த பெண் உங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைக் கேட்டு, பார்த்து, "இதய சிகிச்சைக்கும் இருக்குங்க சார்" என்றாள். திரும்பிப் போனேன். இந்த முறை காப்பீட்டுப் பிரிவு மேசையில் இருந்த தம்பி பேசினார். உண்மையைச் சொல்லிவிடுகிற முகம் அவருக்கு.

"லிஸ்ட்ல இருக்கு சார். ஆனா பண்றதில்ல."

டாக்டர் ஐயா, நான் வாழ்நாள் முழுக்க அரசு அலுவலக வாசலில் உட்கார்ந்து பலவிதமான பதில்களைக் கேட்டவன். இவ்வளவு சுருக்கமான, இவ்வளவு முழுமையான பதிலை நான் கேட்டதில்லை.

அப்புறம் பேரம் தொடங்கியது. ஆஞ்சியோவுக்குக் கையிலிருந்து கட்டிவிடுங்கள், அடைப்பு இருந்தால் அப்புறம் கார்டில் போட முடியுமா என்று பார்க்கலாம். கார்டில் போட்டாலும் நல்ல ஸ்டென்ட் வேண்டுமென்றால் வித்தியாசத் தொகை கட்ட வேண்டியிருக்கும். அதென்ன நல்ல ஸ்டென்ட்? ஸ்டென்ட்டுக்கு உச்ச விலையை மத்திய அரசு 2017 பிப்ரவரியிலேயே நிர்ணயித்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட் அன்றைக்கு 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அதைச் சொன்னபோது தம்பி என்னை வக்கீல் என்று நினைத்துவிட்டார். கொஞ்சம் மரியாதை கூடியது, பதில் மாறவில்லை.

கடைசியாக ஒன்றுதான் கேட்டேன். "சரி தம்பி. கார்டுல பண்ண மாட்டோம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. நாங்க போறோம்."

"அப்படியெல்லாம் குடுக்க மாட்டோம் சார்."

"ஏன்?"

"அப்படி ஒரு ஃபாரமே இல்ல சார்."

அவசரப் பிரிவில் பார்த்ததற்கு ரசீது அடித்துக் கொடுத்தீர்கள். ஈ.சி.ஜி.க்கு ஒரு தாள். ஊசிக்கு ஒரு தாள். கார் நிறுத்தியதற்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு. அட்டையைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொன்னதற்கு மட்டும் உங்கள் கட்டடத்தில் தாள் கிடையாது.

மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருக்கும் கூட்டம் உங்களுக்குத் தெரியாததில்லை, அதோடு சேர்ந்த மருத்துவக் கல்லூரியில் படித்ததாகத்தானே உங்கள் அறைச் சுவரில் சான்று தொங்குகிறது. அங்கே அதே அட்டையில் ஆஞ்சியோ பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். அங்கே கையிலிருந்து போனது டீச் செலவும் ஆட்டோச் செலவும்தான். இப்போது நடமாடுகிறார், கனம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், கரண்டியைத் தொடாமல் சும்மா உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆகவே நான் உங்களிடம் உயிருக்கு நஷ்டஈடு கேட்டு எழுதவில்லை. உயிர் போயிருந்தாலும் உங்கள் மீது வழக்குப் போட என்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இருந்திருக்காது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மேசைக்கு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு அகராதி சேர்ந்துவிட்டது. "கார்டு வார்டு ஃபுல்." "கார்டுக்குப் பண்ற டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார்." "அப்ரூவல் வர நாளாகும், அவசரம்னா பணமாக் கட்டிருங்க." "உங்க நோய் கார்டுல இல்ல." கடைசியாகச் சொன்னது சில சமயம் உண்மையாகவும் இருக்கும். திட்டத்தின் பட்டியலில் இல்லாத சிகிச்சைகள் உண்டு, அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும் ஒதுக்கியவை உண்டு. வெளிநோயாளியாக வந்து சீட்டு எழுதி வாங்குவதற்கு இந்த அட்டை பொதுவாக உதவாது என்பதும் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது; நானே தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிக்கல் அதில்லை. உண்மையான இல்லையும் சாக்குப்போக்கு இல்லையும் ஒரே வாயிலிருந்து ஒரே தொனியில் வருகின்றன. கேட்கிறவனால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இப்படிப் புலம்பிக்கொண்டு என்னிடம் வந்ததாக அதிகம் நினைவில்லை. வாரம் தவறாமல் வருகிறவர், செலவு இவ்வளவுதான் என்று முன்கூட்டியே தெரிந்தவர், படுக்கை சில மணி நேரத்தில் காலியாகிவிடும். அவருக்குக் கதவு திறக்கிறது. திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர், எத்தனை நாள் படுப்பார், எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாதவர்தான் செவ்வாய்க்கிழமை டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டும். நோயைப் பார்த்து எடுக்கிறீர்களா, கணக்கைப் பார்த்து எடுக்கிறீர்களா என்று நான் கேட்கப் போவதில்லை. இரண்டையும் பார்த்துத்தான் ஒரு ஆஸ்பத்திரி நடக்கும்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். உங்கள் மேலாளர் என்னை உட்கார வைத்து, காப்பி வாங்கிக் கொடுத்துச் சொன்னதுதான். அரசு ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாக நிர்ணயித்துவிடுகிறது. நோயாளிக்குச் சிக்கல் வந்து கூடுதலாக நான்கு நாள் படுத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். கேட்புத் தொகை வரத் தாமதமாகிறது. அனுமதி கேட்டு அனுப்பினால், எங்கேயோ கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருபது வருஷ அனுபவமுள்ள உங்களிடம் "இந்தச் சிகிச்சை ஏன் தேவை" என்று கேள்வி எழுப்புகிறார். வெளியிலிருந்து வரும் இதய நிபுணர், கார்டு கேஸ் என்றால் எனக்குக் கட்டுபடியாகாது என்கிறார். இவை எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் தனியார் மருத்துவமனைகள் பாக்கி வரவில்லை என்று ஆயுஷ்மான் சிகிச்சையையே நிறுத்தப் போவதாக வெளிப்படையாக அறிவித்தன. நோயாளி பக்கம் நிற்கிற எனக்கு அந்த அறிவிப்பு பிடிக்கவில்லை. ஆனாலும் அதில் ஒரு நேர்மை இருந்தது. நிறுத்துகிறோம், காரணம் இது, தேதி இது என்று சொன்னார்கள். அரசு பதில் சொல்ல வேண்டி வந்தது, செய்தித்தாள் எழுதியது, அட்டை வைத்திருந்தவனுக்கும் எங்கே போகக் கூடாது என்று தெரிந்தது.

நீங்கள் செய்வது வேறு. பட்டியலில் பெயரை வைத்துக்கொள்கிறீர்கள், போர்டை வைத்துக்கொள்கிறீர்கள், எலும்பு கேஸ்களை வைத்துக்கொள்கிறீர்கள். வேண்டாத நோயாளியை வாயால் அனுப்பிவிடுகிறீர்கள். நிறுத்தம் அறிவிக்காமலே நிறுத்தம் நடக்கிறது.

இதில் யாருக்கு நஷ்டம் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். 2022-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது அரசு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் பிரீமியம் என்று காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. ஏறத்தாழ 1.37 கோடி குடும்பங்கள். என் மச்சான் உங்கள் வாசலிலிருந்து திரும்பினாலும் அவர் குடும்பத்துக்கான 849 ரூபாயில் ஒரு ரூபாய் குறையப் போவதில்லை. கேட்பே வராத நோயாளியால் காப்பீட்டு நிறுவனத்துக்குச் செலவில்லை. நுழையாத நோயாளியால் உங்களுக்கு இழப்பில்லை. அரசின் கணக்கில் இத்தனை லட்சம் பேர் பயனடைந்தார்கள் என்ற எண் இருக்கும். கவுண்டரோடு திரும்பியவர்களுக்கு அந்தக் கணக்கில் கட்டமே கிடையாது. அனுமதி கேட்டு நிராகரிக்கப்பட்டால்கூட அது கணினியில் பதிவாகும். கேட்கவே விடாமல் அனுப்பப்பட்டவன் எங்கே பதிவாவான்? 2023-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆயுஷ்மான் திட்டத்தைத் தணிக்கை செய்தபோது, ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் பத்து ஒன்பதுகள் கொண்ட ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னார். இல்லாத ஒரு எண்ணுக்குப் பின்னால் ஏழரை லட்சம் பேர் பதிவில் இருக்கிறார்கள். உங்கள் வாசல்வரை வந்த என் மச்சான் பதிவில் இல்லை.

எங்கள் தாலுகா அலுவலகத்தைப் பற்றி ஊரில் யாரும் நல்லதாகப் பேச மாட்டார்கள், நானும் பேச மாட்டேன். ஆனாலும் தாசில்தார் வருமானச் சான்றை மறுத்தால் காரணம் போட்டுத்தான் மறுக்க வேண்டும். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஆர்.டி.ஓ.வுக்கு மேல்முறையீடு எழுதுவேன். அங்கேயும் மறுத்தால் அதற்கும் மேலே எழுதுவேன். பாதி மனு என் திறமையால் ஜெயிக்கவில்லை, மறுத்தவர் எழுதிய காரணத்தால் ஜெயித்தது. எழுத்தில் வராத மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. இது முப்பது வருஷமாக நான் சோறு தின்கிற தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

நானாக எதையும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவும் இல்லை. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியை அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிழைத்தார். பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்கு என்பார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் விசாரணைக் குழு சொன்ன பரிந்துரைகளைத் தீர்ப்பில் படித்துப் பாருங்கள். அவசரத்துக்கு வருகிறவரின் பெயர், வயது, முகவரி, நோய், வந்த நேரம், சேர்த்தார்களா, வேறு எங்கே அனுப்பினார்கள் என்று பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று இருக்கும். அன்றைக்குத் தவறு செய்தது அரசு ஆஸ்பத்திரிகள். இன்றைக்கு அரசின் பணத்தை வாங்கிக்கொண்டு அரசின் போர்டை மாட்டியிருக்கும் உங்களுக்கு அந்தப் பதிவேடு ஏன் இருக்கக் கூடாது?

திட்டத்தை நடத்துகிற அதிகாரிகளும் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கு இரண்டே வரி. வாசல் போர்டில் எந்தெந்தத் துறைக்கு அங்கீகாரம் என்று அதே பெரிய எழுத்தில் எழுத வையுங்கள். அட்டையோடு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் காரணச் சீட்டு கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்று அங்கீகார நிபந்தனையிலேயே சேருங்கள். தொலைபேசியில் புகார் சொல்லுங்கள் என்கிறீர்கள், சொல்லலாம்தான். நெஞ்சு வலிக்காரரைக் காரில் வைத்துக்கொண்டு எவன் புகார் எண்ணுக்காகக் காத்திருப்பான்? சீட்டு கையில் இருந்தால் உயிர் பிழைத்த பிறகு வந்து சொல்வான்.

டாக்டர் ஐயா, ஃபாரம் இல்லை என்றுதானே உங்கள் தம்பி சொன்னார். இதோ தயாரித்துவிட்டேன். அரைப் பக்கம்தான்.

நோயாளியின் பெயர், வயது, ஊர்:
காப்பீட்டு அட்டை எண்:
வந்த தேதி, நேரம்:
தேவைப்பட்ட சிகிச்சை:
திட்டத்தில் செய்ய இயலாத காரணம்: படுக்கை இல்லை / மருத்துவர் இல்லை / இந்தத் துறைக்கு அங்கீகாரம் இல்லை / அரசு தரும் தொகை கட்டுபடியாகவில்லை / வேறு
எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்:
பொறுப்பாளர் கையொப்பம், முத்திரை:

நான்காவது காரணத்தை வேண்டுமென்றேதான் சேர்த்திருக்கிறேன். அதில் டிக் அடிக்க முதலில் உங்களுக்குக் கை கூசும். கொஞ்ச நாள் அடித்துப் பாருங்கள். ஒரு வருஷத்துச் சீட்டுகளைக் கட்டாகக் கட்டினால், தொகையை உயர்த்துங்கள் என்று அரசிடம் கேட்பதற்கு அதைவிடப் பெரிய ஆதாரம் உங்கள் சங்கத்துக்குக் கிடைக்காது. அந்த மனுவையும் நானே எழுதித் தருகிறேன். ஊரில் எல்லோரிடமும் வாங்குகிற கூலிதான், உங்களுக்கென்று கூட்டிக் கேட்க மாட்டேன். இந்தப் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்க மட்டும் காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுகிறவன்,
திருமங்கலம்.